கருத்தையாவுக்கு ஏற்ற ஊர்

முப்பிடாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு எஸ்டேட் ஆபீஸில் அவளுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, கையில் ஒரு தாளையும் கொடுத்தார்கள். முப்பது நாளைக்குள் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அதொன்றும் புதுச் செய்தி இல்லை. மலைமேல் தேயிலை பறிக்கப் போன எல்லாருக்கும் தெரிந்த சட்டம்தான். வேலை இருக்கிறவரைக்கும் வீடு, வேலை முடிந்தால் கீழே இறங்கிவிட வேண்டும். ஆனாலும் முப்பத்தாறு வருஷம் ஒரே கதவைத் திறந்து மூடின கைக்கு அந்தத் தாள் கனமாகத்தான் இருந்தது.

அவள் புருஷன் கருத்தையா நாலு வருஷத்துக்கு முன்பே ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி வேலையின் புண்ணியத்தில் அந்த வீட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தார். தேயிலை ஃபேக்டரியில் இலை அரைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் நின்றதற்கு அவருக்கு மிச்சமானது நெஞ்சில் ஒரு இளைப்பும் காதில் ஒரு இரைச்சலும். மிஷினை விட்டு வந்த பிறகும் அது காதுக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதோடு வெளியிலிருந்து ஒரு பெரிய சத்தமும் சேர்ந்துவிட்டால் மனுஷனுக்குத் தலை தெறிக்கும், நெஞ்சு படபடக்கும், இரண்டு நாளைக்குத் தூக்கம் போய்விடும். கீழே ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். "இதுக்கு மருந்து கிடையாது, சத்தமில்லாத இடமாப் பாத்து இருந்துக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிள்ளை குட்டி கிடையாது. ஆகவே இனிமேல் போகிற ஊர்தான் பிள்ளை, குட்டி, அண்ணன், தம்பி எல்லாம். கருத்தையா பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை வீட்டாரைப் போல நிபந்தனை போட்டார்.

"ஏளா, வாடகை கையைக் கடிக்கக் கூடாது. சத்தம் இருக்கக் கூடாது. நான் போயிட்டேன்னா தூக்குததுக்கு நாலு பேரு வரணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"இதுக்கு மேல கேக்கதுக்கு வேற என்ன இருக்கு?" என்றாள் முப்பிடாதி.

லைனில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் இலை பறிக்கப் போகமாட்டார்கள். செத்தது யார், எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. தோள் மாற்றித் தோள் மாற்றி, மழையோ அட்டையோ, சரிவுக்குக் கீழே இருக்கிற மேடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அதெல்லாம் எங்கேயும் தானாக நடக்கிற காரியம் என்றே புருஷனும் பெண்டாட்டியும் நினைத்திருந்தார்கள். கீழே அதற்கும் ஒரு முறை உண்டு, முன்கூட்டியே ஊரில் பேர் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

வீடு தேடுகிற வேலை முப்பிடாதி தலையில் விழுந்தது. ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவாள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பாள். பார்க்கிறவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டவள் என்று நினைத்துக்கொள்வார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு நல்ல வீடு அமைந்தது, பக்கத்துச் சுவர் மாவு மில். அம்பாசமுத்திரத்தில் பார்த்த வீடு அரிசி ஆலைக்கு முதுகு காட்டி நின்றது. பாபநாசத்தில் ஆற்றை ஒட்டி ஒரு அறை. வாரத்தில் ஐந்து நாள் தூங்கலாம், அமாவாசை வந்தால் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் தெருவில் நடக்க முடியாது. அந்த வாடகைக்கு மூன்று வீடு பிடிக்கலாம்.

களக்காட்டுப் பக்கம் கருத்தையாவின் சொந்த ஊரில் தம்பி மகன் ஒருவன் இருந்தான். காப்பியும் முறுக்கும் கொடுத்து, பெரியம்மா பெரியம்மா என்று உருகினான். "அப்பம் இங்கனயே வந்துருதோம்லே" என்று அவள் சொன்னாளோ இல்லையோ, முகம் சுண்டிவிட்டது. பெரியப்பா பங்கு கேட்டு வருகிறார் என்று பயந்துவிட்டான். பங்கு வைக்கிற அளவுக்கு அங்கே இருந்தது ஒரு முருங்கை மரமும் பாதி இடிந்த மாட்டுக் கொட்டிலும்தான். முப்பிடாதி முறுக்கைக் கடித்து முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மஞ்சணத்திப்பொத்தை அவளுக்குக் கிடைத்தது ஐப்பசி மாதத்தில். கல்லிடைக்குறிச்சியிலிருந்து உள்ளே பிரிந்து போகிற ரோட்டில், பொத்தை என்று சொல்கிற சின்ன ஒரு பாறைக் குன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு நாற்பது வீடு. வேம்படியில் உட்கார்ந்து கேட்டாள். வாய்க்கால் தண்ணீர் ஓடியது. ஒரு கோழி கொக்கரித்து அடங்கியது. எதிர்வீட்டு வாசலில் ஒருத்தி பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள், அந்தக் கத்தரிச் சத்தம்கூட இவளுக்குக் கேட்டது. ஒரு மணி நேரத்தில் அதைத் தவிர வேறு சத்தமே இல்லை. முப்பிடாதிக்கு அழுகை வந்துவிட்டது.

"யாருக்கா? ரொம்ப நேரமா உக்காந்துருக்கிய, மேலுக்குச் சொகமில்லையா?" என்று கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள் அந்தப் பீடிக்காரி. அவள் பேர் இசக்கியம்மா. பேசிப் பேசி, இன்னார் வழி இன்னார் என்று ஒரு உறவையும் கண்டுபிடித்து, சாயங்காலத்துக்குள் அண்ணன் பெண்டாட்டி முறையாக்கி 'மைனி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவளே ஊர்த் தலைவர் அப்பாத்துரையிடம் கூட்டிக்கொண்டு போனாள். புளி வியாபாரி, வெள்ளைத் துண்டு, நிதானமான பேச்சு. அம்மன் கோயிலை ஒட்டி ஒரு ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் பம்பாயில் இருந்தார், வீட்டில் விளக்கு எரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாடகை பேருக்குத்தான்.

"பேரு எழுதுதது கொடை முடிஞ்ச மறுநாள்தான் தாயி" என்றார் அப்பாத்துரை. "சித்திரையில எழுதிக்கிடுவோம். எழுதியாச்சுன்னா நல்லது கெட்டதுக்கு ஊரு வந்து நிக்கும்."

"சரி அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி. அவர் சொன்னதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது. கொடை என்கிற அம்மன் திருவிழாவில் எவ்வளவு சத்தம் இருக்கும் என்று தெரியாதவளா அவள்? ஆனாலும் அந்த வேம்படி அமைதிக்குள் அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

தொண்ணூற்று நாலு தை மாதம் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். முதல் வாரமே கருத்தையா வெயில் ஏறுகிறவரைக்கும் தூங்கினார். எழுந்து வந்து, தூங்கின மூஞ்சியோடு, "ஏளா, நீ கெட்டிக்காரிதான்" என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான்.

கருத்தையாவுக்கு ஒரு வித்தை தெரியும். மனு எழுதுவார். எஸ்டேட்டில் கூரை ஒழுகினால் மனு, அரிசியில் கல் கிடந்தால் மனு, பிரசவத்துக்கு ஜீப் வரவில்லை என்றால் மனு. பெறுநர், பொருள், ஐயா என்று முத்து முத்தான கையெழுத்தில், அடியில் கார்பன் தாள் வைத்து நகலோடு எழுதுவார். அங்கே ஒருவரிடம் போய் ஒருவர் சண்டை போட முடியாது, எல்லாம் ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். ஆபீஸும் பாதி மனுவுக்காவது காது கொடுக்கும். அதனால் உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு பெறுநர் உண்டு என்று அவர் நம்பினார். மஞ்சணத்திப்பொத்தையில் மூன்று மாதமாகத் தெருவிளக்கு எரியாமல் கிடந்தது. கருத்தையா ஒரு மனு போட்டார். பதினைந்தாம் நாள் ஆள் வந்து பல்பு மாட்டிவிட்டுப் போனான்.

"நீரு எங்க ஊருக்கு வந்தது நல்லதாப் போச்சுவே" என்று அப்பாத்துரை தோளில் தட்டினார். கருத்தையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சித்திரையில் அம்மன் கொடை வந்தது. நெல்லைச் சீமையில் கொடை என்றால் சத்தம்தான். சத்தம் குறைந்தால் அம்மனுக்கே சந்தேகம் வந்துவிடும். பந்தல்கால் நாட்டின அன்றைக்கே கோயில் வாசல் பனையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார்கள். அதில் ஒன்றின் வாய் நேராகக் கருத்தையா வீட்டு வாசலைப் பார்த்திருந்தது. காலையில் ஐந்து மணிக்குப் போட்டால் சாமி பாட்டும் சினிமாப் பாட்டும் மாறி மாறி, எட்டு நாளைக்கு. முதல் நாள் அவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் துண்டால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மூலையில் சுருண்டார். மூன்றாம் நாள் குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்துவிட்டது.

முப்பிடாதி ஓடிப்போய் அப்பாத்துரையிடம் சொன்னாள். நல்ல மனுஷன், உடனே ஆள் அனுப்பிக் குழாயைத் திருப்பிக் கட்டச் சொன்னார். சாயங்காலத்துக்குள் கீழத்தெருப் பையன்கள் தங்கள் பக்கம் பாட்டுக் கேட்கவில்லை என்று பழையபடி திருப்பிவிட்டார்கள். மறுபடி போனாள்.

"வருசத்துக்கு ஒருக்க தாயி. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லு" என்றார் அவர். அவருக்கும் தலைக்கு மேல் வேலை.

ஒரு வாரம் களக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. அந்தச் சுண்டின முகம் நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கருத்தையா தலைக்கட்டோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். முப்பிடாதிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அடியில் கார்பன் தாள் இருந்ததைப் பார்த்தாள்.

"யாருக்கு?"

"கலெக்டருக்கு. திங்கக்கிழமை மனு வாங்குதாவ."

மறுநாள் காலையில் தயிர்ச் சோறு கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள். தடுத்திருக்கலாம். இது எஸ்டேட் இல்லை, இங்கே மனு என்பது மனுஷன் மேல் போடுகிறது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்த மனுஷன் ஒரு நாளாவது கண்ணை மூடித் தூங்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது அவள் புத்தியில் வேறு ஒன்றும் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உச்சிக்கொடை. அம்மனுக்கு அலங்காரம் முடிந்து, மேளம் ஏறி, சாமியாடி முத்துமாலை மஞ்சள் நீரில் குளித்து நின்ற நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஒரு போலீஸ்காரர் தாளைப் பார்த்து, "இங்க கருத்தையாங்கிறது யாரு?" என்று கூட்டத்தின் நடுவே கேட்டார். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆம்பிளிபயரைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். பனையில் ஏறிக் கட்டின பையனையே ஏறி அவிழ்க்கச் சொன்னார்கள். ஜீப் போன பிறகு மேளக்காரர்கள் அடித்துப் பார்த்தார்கள், கை ஓடவில்லை. முத்துமாலை நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அந்த வருஷம் மஞ்சணத்திப்பொத்தையில் சாமி இறங்கவில்லை.

வீட்டுக்குள் கருத்தையா தூங்கிக்கொண்டிருந்தார். முப்பிடாதி வாசல்படியில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவராவது ஏசிவிட்டுப் போயிருந்தால் அவளுக்கு உயிர் வந்திருக்கும். ஒருவரும் ஏசவில்லை.

மறுநாள் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. வீட்டுக்கு ஒரு பேராக நோட்டில் இருக்கிற பேரையெல்லாம் வாசித்தார்கள். புதிதாகத் தனிக்குடித்தனம் போன இரண்டு பேரைச் சேர்த்தார்கள். நோட்டை மூடினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து முப்பிடாதி எழுந்து, "அண்ணாச்சி, எங்க பேரு?" என்றாள்.

"மனு குடுக்கத் தெரிஞ்ச ஆளுக்கு ஊரு எதுக்கு தாயி?" என்றார் அப்பாத்துரை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றையிலிருந்து கருத்தையா கேட்ட அமைதி அவருக்குக் கிடைத்தது. குழாயடியில் முப்பிடாதி குடத்தை வைத்தால் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு வழி விடுவார்கள். டீக்கடையில் கருத்தையா போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் வேலை வந்துவிடும். இசக்கியம்மா மட்டும், தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கொல்லைச் சுவர் வழியாகப் பேசுவாள்.

"அந்தச் சத்தம் போடுத பயலுவதான் மைனி நாளைக்குத் தூக்கவும் வரணும். அண்ணனுக்கு இது தெரியாமப் போச்சே" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதல் மாதம் கருத்தையா வீம்பாக இருந்தார். சட்டப்படி எழுதினேன், தப்பென்ன என்று சுவரிடம் வாதாடினார். இரண்டாம் மாதம் அதுவும் நின்றது. ஊர் அமைதியாக ஆக ஆகக் காதுக்குள் இருந்த மிஷின் சத்தம் கூடிக்கொண்டே போனது. வாயை மூடித் திறந்து, காதைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். "பேசேன்ளா, எதையாவது பேசிக்கிட்டே இரு" என்பார். அவள் வெங்காயம் விலை, மழை, எஸ்டேட்டில் செத்துப்போன மாடு என்று வாய் ஓய்கிறவரைக்கும் பேசுவாள்.

ஆவணியில் அவர் மறுபடி தாளை எடுத்தார். யாருக்கு என்று முப்பிடாதி பயந்துபோய்க் கேட்டாள். அது மனுதான், ஆனால் பெறுநர் அப்பாத்துரை. பொருள்: மன்னிப்புக் கோருதல். அவர் அவளுக்கு வாசித்துக் காட்டினார். ஐயா, மேற்படி நிகழ்வில் என்னால் ஊருக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு, என்று ஆரம்பித்து ஒரு பக்கம். நேரே போய் "தப்புத்தான்வே" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அது அவருக்கு வரவில்லை. எழுத்தில்தான் அவருக்குக் குனியத் தெரியும்.

முப்பிடாதிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பாத்துரை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் வீடு என்ன ஆபீஸா?" என்றார். அவள் அங்கேயே நின்று அழுததைப் பார்த்துவிட்டு, "அடுத்த கொடைக்குப் பாப்போம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கருத்தையா மழைக்காலத்தைத் தாண்டினார். இளைப்பு முற்றிவிட்டது, சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். "சித்திரை வரட்டும், குழாயை நம்ம வாசல்லயே கட்டச் சொல்லுதேன்" என்பார். முப்பிடாதி மனசுக்குள் மாதத்தை எண்ணினாள். மார்கழி போனது. தை போனது. மாசியில் கால் வீங்கியது. அம்மா, தாயே, கொடை வரைக்கும் அவரை உயிரோடு வைத்திரு, பேரை எழுதின பிறகு கூட்டிக்கொண்டு போ என்று, அவர் ஊமையாக்கின அந்த அம்மனிடமே போய்க் கேட்டாள்.

பங்குனி கடைசியில் ஒரு காலை, காப்பியை ஆற்றிக்கொண்டு வந்து பார்த்தால் மனுஷன் போய்விட்டிருந்தார். கால் நாட்டுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அவள் போட்ட கூச்சலுக்கு முதலில் வந்தவள் இசக்கியம்மா. அன்றைக்கு அவள் தெருவைப் பார்க்கவில்லை, சுவர் வழியாகவும் வரவில்லை, நேராக வாசல் வழியாக ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இசக்கியம்மாவின் புருஷன் சைக்கிளில் போய் எஸ்டேட்டுக்கும் களக்காட்டுக்கும் போன் செய்துவிட்டு வந்தான். எஸ்டேட் பஸ் இறங்கி வர இருட்டிவிடும். ஒரு மணி நேரம் வேறு யாரும் வரவில்லை. முப்பிடாதி புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வராவிட்டால் நானும் இசக்கியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு போவோம் என்றுகூட நினைத்தாள்.

பத்து மணிக்கு அப்பாத்துரை வந்தார். தோள் துண்டு கையில் இருந்தது. அவருக்குப் பின்னால் முத்துமாலை, கீழத்தெருக்காரர்கள், பனையில் ஏறிக் குழாயை அவிழ்த்த பையன், எல்லாரும் நின்றார்கள்.

"பேரை எழுதியாச்சு தாயி. இன்னைக்குத் தேதி போட்டு எழுதிருக்கேன். இனி ஊரு பாத்துக்கிடும்."

முப்பிடாதி அவர் காலில் விழுந்தாள். கருத்தையா அந்த ஊர்க்காரர் ஆனது செத்த பிறகுதான். ஆனாலும் ஆகிவிட்டார் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்து அழுகை பொங்கியது.

ஊர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. ஓலை வெட்டினார்கள், பாடை கட்டினார்கள், கோடித் துணி வந்தது. களக்காட்டிலிருந்து தம்பி மகன் வந்து, கொள்ளிக்கு நான் இருக்கிறேன் என்று ஈர வேட்டியோடு நின்றான். உடம்பைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வாய்க்காலுக்குப் போய் வந்தார்கள். துக்கத்தில் முப்பிடாதிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பாடையைத் தூக்கி, தெருமுனைக்குக் கொண்டுபோன பிறகுதான் உறைத்தது. சங்கு ஊதவில்லை. மேளம் இல்லை. குலவை இல்லை. ஒப்பாரி வைக்க வாயெடுத்த பெண்களை யாரோ கையமர்த்தியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அப்படிப் போகிறது கேட்பாரற்ற பிணம் மட்டும்தான்.

அவள் தலைவிரி கோலமாகத் தெருவில் ஓடினாள். "மேளம் எங்க அண்ணாச்சி?"

அப்பாத்துரை நின்றார். "மேளத்துக்குச் சொல்லலை தாயி. சத்தம் வேண்டாம்னு எழுதிக் குடுத்த மனுசனாச்சே. அவரு விருப்பப்படியே கொண்டுபோவோம்னுதான்."

மரியாதையாகத்தான் சொன்னாரா, குத்திக் காட்டினாரா? அந்த முகத்தை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அதே ஊரில், அதே வீட்டில், ஊர் நோட்டில் பேர் உள்ளவளாக இருந்துகொண்டு, இன்றைக்கும் அதை அவரிடம் கேட்க அவளுக்கு வாய் வந்ததில்லை.

"அடிக்கச் சொல்லுங்கய்யா" என்று அன்றைக்குக் கத்தினாள். "இனிமே அவருக்கா கேக்கப் போவுது? எனக்குக் கேக்கணும்லா! போறது ஒரு மனுசன்னு எட்டூருக்குக் கேக்கணும்லா!"

பாடையைச் சுமந்தவர்கள் அப்படியே நின்று அப்பாத்துரையைப் பார்த்தார்கள். அவர் துண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். மேளக்காரர்களுக்கு இனிமேல் ஆள் அனுப்பி, அவர்கள் வந்து சேர்வதற்குள் பொழுது அடைந்துவிடும். அந்த வெயிலில் உடம்பு தாங்காது. பாடையைத் தோள் மாற்றினார்கள். நாலு பேர் கேட்டவருக்குப் பின்னால் நாற்பது பேர் போனார்கள். செருப்பில்லாத கால்கள் மண்ணில் படுகிற சத்தம், பொத்தையைச் சுற்றித் திரும்புகிறவரைக்கும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.